குகைச் சுண்ணாம்பும் யூரியாவைச் சிதைக்கும் கிருமிகளும்

மாடு வைத்திருக்கும் குடியானவர் எவரும் ஒரு நெடியை நன்கு அறிவர். இரவு முழுவதும் மாடுகள் கட்டியிருந்த தொழுவத்தின் கதவை விடியற்காலையில் திறந்தவுடன் மூக்கைத் துளைத்துக் கண்ணில் நீர் வரச்செய்யும் காரநெடியே அது. மாட்டின் மூத்திரம் வெளிவந்த அக்கணத்தில் அந்நெடி அதில் இருப்பதில்லை. சாணத்துடனும் தரை மண்ணுடனும் கலந்து சில மணி நேரம் கிடந்த பிறகே அது கிளம்புகிறது. அந்நெடிக்குக் காரணமான வாயுவுக்கு அமோனியா என்று பெயர். மூத்திரத்திலுள்ள யூரியா என்னும் உப்புப் போன்ற வஸ்து சிதைவதாலேயே அந்த அமோனியா உண்டாகிறது. யூரியா தானாகச் சிதைவதில்லை. கண்ணுக்குப் புலப்படாத சில பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கின்றன.

கூட்டுறவு சங்கத்தின் கிடங்கிலிருந்து அங்கத்தினர்கள் மூட்டை மூட்டையாக வாங்கிச் செல்லும் யூரியா உரமும் இதே வஸ்துதான். மாட்டின் உடலில் உண்டாவதற்கும் தொழிற்சாலையில் செய்யப்படுவதற்கும் அணுவளவும் வேற்றுமை இல்லை. 1828-ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்து வோலர் என்னும் ரசாயன நிபுணர், பிராணிகளின் உடலில் மட்டுமே உண்டாகக்கூடியது என்று அதுவரை எண்ணப்பட்டு வந்த யூரியாவை உயிரற்ற பொருள்களிலிருந்தே செய்து காட்டினார். ஆகவே, தொழுவத்தில் மூத்திரத்தைச் சிதைக்கும் கிருமி எதுவோ அதுவே வயலில் விலை கொடுத்து வாங்கிய உரத்தையும் சிதைக்கிறது. அந்தக் கிருமியின் இனத்தைச் சேர்ந்தவை மண்ணில் மட்டுமன்றி, சூரிய வெளிச்சமே புகாத சுண்ணாம்புக்கல் குகைகளிலும் வாழ்கின்றன. விஞ்ஞானிகள் அங்கே சென்று அவற்றைப் பிடித்து வந்து ஆராய்வானேன், அவ்வாராய்ச்சியில் நாட்டுப்புறத்தாருக்குப் பயன்படுவது யாது என்பவற்றை இங்கே காண்போம்.

குகையில் தூண்கள் எழும் விதம்

மழைநீர் மேல்மண்ணின் வழியாக இறங்கும்போது, வேர்களும் மக்கிய தழைகளும் வெளியிடும் கரியமில வாயுவைத் தன்னுள் கரைத்துக்கொள்கிறது. இதனால் அந்நீர் சிறிது புளிப்புத் தன்மையை அடைந்து, கீழே உள்ள சுண்ணாம்புப் பாறையை மெல்ல மெல்லக் கரைக்கிறது. பல்லாயிரம் ஆண்டுகளில் பாறைக்குள் பெரும் பொந்துகள் உண்டாகின்றன. சுண்ணாம்பைச் சுமந்த நீர் அப்பொந்தின் கூரையில் சொட்டாக வந்து நிற்கையில், அதிலுள்ள கரியமில வாயு குகையின் காற்றில் கலந்து போய்விடுகிறது. புளிப்பு நீங்கிய நீரால் சுண்ணாம்பைத் தாங்க இயலாது. ஒரு மெல்லிய படலமாகச் சுண்ணாம்பு அங்கேயே படிகிறது. இப்படிச் சொட்டு மேல் சொட்டாகக் கூரையிலிருந்து விழுதுகளும், தரையிலிருந்து முளைகளும் வளர்ந்து, சில இடங்களில் இரண்டும் சந்தித்துத் தூண்களாகின்றன. பெரும்பாலான குகைகளில் இவ்வளர்ச்சி ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்ற அளவை ஒட்டியே இருக்கும். ஒரு விரல் நீளம் வளர ஒரு மனிதனின் ஆயுட்காலம் போதாது.

1953-ஆம் ஆண்டு வரை சென்னையைச் சேர்ந்திருந்த விசாகப்பட்டினத்துப் பக்கம், அனந்தகிரி மலையிலுள்ள போரா குகைகளைக் கண்டவர்கள் இத்தகைய தூண்களை அறிவர். மேகாலயத்து மாமுலுக் குகையிலிருந்து எடுத்த ஒரு சுண்ணாம்பு முளையின் அடுக்குகளைக் கொண்டே, ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த பெரும் வறட்சியை நிர்ணயித்து, அன்று முதல் இன்று வரையுள்ள காலத்துக்கு 2018-இல் பூகர்ப்ப சாஸ்திரிகள் மேகாலய காலம் என்று பெயரிட்டனர். மழை பெய்ததையும் பொய்த்ததையும் அக்கல் கணக்குப் புத்தகம் போல் எழுதி வைத்திருக்கிறது.

இவ்வளவும் நீரும் காற்றும் செய்யும் வேலை. ஆனால் குகையின் ஈரச் சுவரிலும், விழுதின் மேற்பரப்பிலும், தரையில் வௌவால் எச்சம் குவிந்த இடங்களிலும் எண்ணற்ற பாக்டீரியாக்கள் இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டனர். வௌவால்களின் மூத்திரத்தில் யூரியா உண்டு. அதைத் தின்று வாழும் கிருமிகள் அங்கே இருப்பதில் வியப்பில்லை. யூரியா சிதைந்தால் அமோனியாவும் கரியமில வாயுவும் வரும். அமோனியா நீரைக் காரமாக்கும். காரநீரில் கரியமில வாயு கார்பனேட்டாக மாறும். அருகில் கால்சியம் இருந்தால் இரண்டும் கூடிச் சுண்ணாம்புக்கல் பிறக்கும். எனவே இக்கிருமிகளும் குகையின் கல்லை வளர்ப்பதில் பங்கு கொள்கின்றனவோ என்ற ஐயம் எழுந்தது. மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் பலவும் தக்க உணவளித்தால் சுண்ணாம்புப் படிகங்களை உண்டாக்க வல்லவை என்பதை ஸ்பெயின் தேசத்து ஆராய்ச்சியாளர் 1973-இலேயே எடுத்துக் காட்டியிருந்தனர்.

பிடிப்பதற்கு முன் பெருக்குதல்

ஒரு சிட்டிகைக் குகை மண்ணில் பல வகைப்பட்ட கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கும். அவற்றுள் யூரியாவைச் சிதைப்பவற்றை மட்டும் பிரிப்பது, களத்து நெல்லில் ஒரே ஒரு ரகத்து மணிகளைக் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்குவது போன்றது. இந்த இடுக்கணுக்கு வழி கண்டவர்களுள் முதன்மையானவர் ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்துப் பேராசிரியர் பெய்ஜெரிங்க். 1901-இல் அவர் இம்முறையை விளக்கியபோது எடுத்துக்கொண்ட கிருமிகளே யூரியாக் கிருமிகள்தாம் என்பது குறிப்பிடத்தக்கது. முறை மிக எளியது. யூரியா மிகுதியாகக் கரைந்த உணவு நீரில் மண்ணைப் போட்டு வைப்பது. யூரியா சிதையச் சிதைய அந்நீர் அமோனியா நிறைந்து காரமாகிவிடும். அதைத் தாங்காத கிருமிகள் மடியும் அல்லது ஒடுங்கும். தாங்குபவை மட்டும் செழிக்கும். உப்பளத்தின் கரையில் வேறு எதுவும் முளைக்காமல் உமரி மட்டும் தழைப்பது போலவே இது.

இம்முறைக்கு ஒரு குறையும் உண்டு. வேகமாகப் பெருகும் முரட்டுக் கிருமிகளே கையில் அகப்படும். மெதுவாக வளரும் சாதுவான வகைகள், குகையில் எண்ணிக்கையில் மிகுந்திருந்தாலும், இந்த வலையில் சிக்குவதில்லை. ஆகையால் பெருக்கிப் பிடித்த கிருமியைப் பார்த்து, குகையில் உள்ளவை இவையே என்று முடிவு கட்டுவது பிழை.

போர்னியோத் தீவில் மலேசியாவைச் சேர்ந்த சராவாக் நாட்டில், கூச்சிங் நகருக்குத் தென்மேற்கே பாவு என்ற ஊர்ப்பக்கம் தேவதைக் குகை, காற்றுக் குகை என்று பொருள்படும் பெயர்களுடன் இரண்டு சுண்ணாம்புக் குகைகள் உள்ளன. கூச்சிங்கிலுள்ள ஸ்வின்பர்ன் பல்கலைக்கழகத்தார் சராவாக்கின் சுண்ணாம்புக் குகைகளிலிருந்து பொருள் சேகரித்து, மேற்சொன்ன பெருக்கும் முறையால் 28 பாக்டீரியா வகைகளைப் பிரித்தெடுத்ததாக 2016-இல் வெளியிட்டனர். அவற்றுள் யூரியாவை விரைவாகச் சிதைத்த மூன்றை மட்டும் மேற்கொண்டு ஆராய்ந்தனர். இவ்வேலை எப்படி நடைபெறுகிறது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். பிற இடங்களிலும் ஏறக்குறைய இதே முறைதான்.

சேகரிப்பதில் உள்ள கவனமே பாதி வேலை. சுரண்டும் கரண்டியைத் தீயில் காட்டியோ சாராயத்தில் துடைத்தோ சுத்தமாக்க வேண்டும். கையில் உறை அணிய வேண்டும். மனிதரின் தோலில் சாதாரணமாக வாழும் கிருமிகளுள்ளும் யூரியாவைச் சிதைப்பவை உண்டு. உறையின்றித் தொட்டால், குகைக் கிருமியைத் தேடிச் சென்றவர் தம் கைக் கிருமியையே கொண்டுவந்து பெயர் சூட்ட நேரிடும். வௌவால் எச்சத்தின் தூசியில் நுரையீரலைப் பற்றும் ஒரு பூஞ்சணமும் இருக்கக்கூடுமாதலால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது அவசியம். விழுதுகளை உடைப்பதற்கு அனுமதி கிடையாது. அது தேவையும் அல்ல. மேற்பரப்பிலிருந்து சுரண்டிய சில கிராம் தூளும், சொட்டு நீரில் ஒரு குப்பியும் போதும். அவற்றைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து ஆராய்ச்சிச் சாலைக்குக் கொண்டு வருவார்கள்.

அங்கே யூரியா கலந்த உணவு நீரில் அப்பொருளைச் சேர்த்து, சுமார் 30 டிகிரி உஷ்ணத்தில் சில நாள் ஆட்டிக்கொண்டே வைப்பார்கள். நீர் கலங்கி அமோனியா நெடி வீசினால் வேலை நடக்கிறது என்று பொருள். பிறகு அதில் ஒரு மில்லிலிட்டரை எடுத்து ஒன்பது மில்லிலிட்டர் சுத்த நீரில் கலப்பார்கள். அதிலிருந்து ஒன்றை எடுத்து மீண்டும் ஒன்பதில் கலப்பார்கள். இப்படி ஆறு முறை செய்தால் முதலில் இருந்ததில் பத்து லட்சத்தில் ஒரு பங்கே எஞ்சும். அந்நீரில் ஒரு துளியை, கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் என்ற பசையால் கட்டிய உணவின் மேல் தடவி வைப்பார்கள். இராமநாதபுரக் கடற்கரையில் பெண்கள் மூழ்கி எடுக்கும் பாசிகளிலும் இப்பசை உண்டு. அகரின் மேல் தனித்தனியாக விழுந்த கிருமி ஒவ்வொன்றும் பெருகி, ஓரிரு நாளில் கடுகளவு புள்ளியாகக் கண்ணுக்குத் தெரியும். ஒரு புள்ளியிலுள்ளவை அனைத்தும் ஒரே கிருமியின் வழித்தோன்றல்கள். அப்புள்ளியைக் கம்பியால் தொட்டு மறுபடியும் புதிய தட்டில் இழுத்து, கலப்பில்லை என்று உறுதி ஏற்படும் வரை இதைத் திரும்பச் செய்வார்கள்.

மஞ்சளும் சுண்ணாம்பும் சொல்லும் சாட்சி

இனி, இவற்றுள் எது யூரியாவைச் சிதைக்கிறது என்பதை அறிய வேண்டும். இதற்குக் கிறிஸ்டென்சன் என்பவர் 1946-இல் வகுத்த உணவு இன்றும் வழங்குகிறது. லிட்டருக்கு 20 கிராம் யூரியாவும் சிறிதளவு பெப்டோன், சர்க்கரை, உப்பு முதலியனவும் சேர்ந்த அகரில், பீனால் சிவப்பு என்ற சாயத்தைக் கலப்பார்கள். அச்சாயம் புளிப்பில் மஞ்சளாகவும் காரத்தில் கருஞ்சிவப்பு ரோஜா நிறமாகவும் தோன்றும். மஞ்சளில் சுண்ணாம்பைச் சேர்த்து ஆரத்தி கரைக்கும் இல்லத்தரசிகளுக்கு இது புதிதல்ல. சுண்ணாம்பின் காரத்தால் மஞ்சள் சிவப்பாவது போல, கிருமி விடும் அமோனியாவின் காரத்தால் இச்சாயமும் நிறம் மாறுகிறது. வலிமையுள்ள கிருமியானால் சில மணி நேரத்திலேயே தட்டு முழுவதும் ரோஜா நிறமாகிவிடும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. உணவைக் கிருமி நீக்கம் செய்ய 121 டிகிரி உஷ்ணத்தில் நீராவியில் அவிப்பது வழக்கம். யூரியாவையும் சேர்த்து அவித்தால் அது உஷ்ணத்தாலேயே சிதைந்து, கிருமியைத் தடவுமுன்பே தட்டு சிவந்துவிடும். ஆதலால் யூரியாக் கரைசலை மட்டும் கிருமி புகாத நுண்ணிய வடிகட்டியின் வழியே வடித்து, ஆறிய பிறகே கலப்பார்கள். மற்றொன்று: பெப்டோன் சிதைந்தாலும் அமோனியா வருமாதலால், யூரியா இல்லாத மற்றொரு தட்டிலும் அதே கிருமியைத் தடவிப் பார்க்க வேண்டும். இரண்டும் சிவந்தால் அக்கிருமியை யூரியாவைச் சிதைப்பது என்று கூற முடியாது. அவசரக்காரர்கள் இந்த இரண்டாம் தட்டை விட்டுவிடுவதுண்டு. பிறகு நேரும் குழப்பங்கள் பெரும்பாலும் அங்கேயே தொடங்குகின்றன.

நிறத்தைக் கொண்டு வேகத்தைத் துல்லியமாக அளவிட இயலாது. அதற்கு மின்சாரத்தைப் பயன்படுத்துகிறார்கள். யூரியாக் கரைசல் மின்சாரத்தைக் கடத்தாது. அது சிதைந்து உண்டாகும் அமோனியம், கார்பனேட் ஆகியவை கடத்தும். எனவே கரைசலின் மின்கடத்தல் நிமிஷத்துக்கு எவ்வளவு ஏறுகிறது என்று அளந்தால், நிமிஷத்துக்கு எவ்வளவு யூரியா சிதைந்தது என்று கணக்கிட்டுவிடலாம். சராவாக்கில் கிடைத்த கிருமிகளை இம்முறையாலேயே ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள்.

பெயர் கண்டறிதல்

இனிமேல் கிருமியின் குலத்தை அறிய வேண்டும். முதலில் 1884-இல் கிராம் என்ற டேனிஷ் மருத்துவர் கண்ட சாயமுறையால், ஊதா நிறத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இனமா, விட்டுவிடும் இனமா என்று பார்ப்பார்கள். பிறகு நுண்நோக்கியில் உருண்டையா கோலா, நீந்துகிறதா, உள்ளே விதை போன்ற கடினமான வித்துறை உண்டா என்று நோக்குவார்கள். ஹைட்ரஜன் பெராக்ஸைடு விட்டால் நுரைக்கிறதா என்றும் சோதிப்பார்கள். சராவாக்கின் மூன்று கிருமிகளும் ஊதாவைப் பிடிக்கும் கோல் வடிவின, வித்துறை உடையவை. வறட்சியிலும் பட்டினியிலும் நெடுங்காலம் உறங்கிக் கிடந்து, நீரும் உணவும் கண்டவுடன் விழித்தெழும் சக்தி வித்துறைக்கு உண்டு.

ஆயினும் உருவத்தைக் கொண்டு மட்டும் பெயர் சொல்வது, நிறத்தைக் கொண்டு மாட்டின் ஜாதியைச் சொல்வது போன்றது. இப்பொழுது கையாளும் வழி வேறு. பாக்டீரியா ஒவ்வொன்றிலும் புரதம் செய்யும் ஆலை போன்ற ஓர் அங்கம் உண்டு. அதன் ஒரு பகுதியைச் செய்வதற்கான குறிப்பு, சுமார் 1,500 எழுத்துக்கள் கொண்ட ஒரு மரபுத் தொடராகக் கிருமிக்குள் இருக்கிறது. எழுத்துக்களின் வகை நான்கே. நெருங்கிய உறவுடைய கிருமிகளில் இத்தொடர் பெரும்பாலும் ஒத்திருக்கும். உறவு விலக விலக வேற்றுமை மிகும். இத்தொடரை வைத்து உயிர்களின் வம்சாவளியையே வகுக்கலாம் என்று 1977-இல் காட்டியவர் அமெரிக்கரான கார்ல் வூஸ். ஒரு நாளுக்குள் இத்தொடரைக் கோடிப் பிரதிகளாகப் பெருக்கும் முறையை 1983-இல் மற்றோர் அமெரிக்கரான காரி மல்லிஸ் வகுத்தார். பெருக்கிய தொடரை எழுத்தெழுத்தாக வாசித்து, உலகெங்கும் சேர்த்து வைத்துள்ள பதிவுகளுடன் ஒப்பிடுவார்கள். நூற்றுக்கு 97-க்குக் கீழ் ஒத்தால் அது வேறு இனம் என்பது நெடுநாள் வழக்கம். பிறகு அவ்வெல்லையை 98.7 வரை உயர்த்தியுள்ளனர். பட்டா மாறுதலில் சர்வே நம்பரை ஒத்துப் பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய வேற்றுமை இல்லை. பதிவேட்டில் பிழை இருந்தால் முடிவிலும் பிழை வரும் என்பதுகூட இரண்டுக்கும் பொது.

சராவாக்குக் குகைகளிலிருந்து வந்தவற்றில் வேறு சில, ஸ்போரோசார்சினா பாஸ்டுரீ என்ற இனத்தைச் சேர்ந்தவை என்று 2017-இல் வெளியாயிற்று. இக்கிருமி விஞ்ஞானிகளுக்கு மிகப் பழைய பரிச்சயம். மூத்திரம் அமோனியாவாக மாறுவது உயிர்களின் செயலே என்று 1860-க்குப் பிந்திய சில ஆண்டுகளில் காட்டிய பாஸ்டர் துரையின் நினைவாக, பாரிஸ் நகரத்து மிகேல் 1889-இல் இதற்குப் பெயரிட்டார். பின்னர் இரண்டு முறை குலம் மாற்றப்பட்டு, 2001-இல் இப்போதைய பெயரை அடைந்தது.

யூரியாவைச் சிதைக்கும் தொழிலைச் செய்வது இக்கிருமிக்குள் இருக்கும் யூரியேஸ் என்னும் நொதி. அது இல்லாவிடில் நீரில் கரைந்த யூரியா சிதைய ஆண்டுகள் செல்லும். இருந்தால் கணநேரம் போதும். அமெரிக்காவில் ஜேம்ஸ் சம்னர் என்பவர், வாளவரை இனத்து விதைகளிலிருந்து இந்நொதியைப் படிகமாகப் பிரித்து, நொதிகள் யாவும் புரதங்களே என்ற கொள்கைக்கு 1926-இல் அடிகோலினார். பதினேழாம் வயதில் வேட்டை விபத்தில் இடது கையை இழந்த இவர், ஒற்றைக் கையுடன் ஒன்பதாண்டு உழைத்துச் செய்த இக்காரியத்தை முதலில் பலர் நம்பவில்லை. 1946-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்நொதிக்குள் நிக்கல் உலோகம் இருப்பது 1975-இல் ஆஸ்திரேலியாவில் தெரிய வந்தது. மனிதரின் இரைப்பையில் புண் உண்டாக்கும் கிருமி அங்குள்ள அமிலத்திலிருந்து தப்புவதும் இதே நொதி விடும் அமோனியாவின் துணையால்தான்.

குகையைக் கட்டியது யார்?

யூரியாக் கிருமி குகையில் கிடைத்தது. ஆராய்ச்சிச் சாலையில் யூரியாவும் கால்சியமும் கலந்த நீரில் விட்டால் அது சுண்ணாம்புப் படிகங்களை உண்டாக்குகிறது. அப்படிகத்தின் மேல் நீர்த்த அமிலம் விட்டால் நுரைத்துப் பொங்குகிறது. இறந்த கிருமிகளை விட்ட குப்பியில் அப்படி ஒன்றும் நேர்வதில்லை. இவ்வளவும் உண்மை. ஆனால் இவற்றிலிருந்து குகைத் தூண்களை இக்கிருமிகளே கட்டின என்று சொல்வது தாவிக் குதிப்பதாகும். ஏரியில் மாடு குளிக்கக் கண்டவர், ஏரியை வெட்டியது மாடு என்று சொல்லலாகாது. ஆராய்ச்சிச் சாலையில் லிட்டருக்கு 20 கிராம் யூரியா கொடுக்கிறார்கள். குகையின் சொட்டு நீரில் அந்த அளவு யூரியாவுக்கு வழியே இல்லை. வித்துறைகள் காற்றிலும் நீரிலும் வௌவாலின் உடலிலும் ஏறி வெளியிலிருந்து வந்து உறங்கிக் கிடந்தவையாகவும் இருக்கலாம். தூண்களின் பெரும்பகுதி, முன் சொன்னபடி, கரியமில வாயு நீங்குவதாலேயே உண்டாகிறது. வௌவால் எச்சத்தை ஒட்டிய இடங்களிலும் மாவு போன்ற மென்படிவுகளிலும் கிருமிகளின் பங்கு இருக்கக்கூடும் என்ற அளவோடு நிற்பதே நேர்மை.

குகையில் தேடியதன் நோக்கம் பெரும்பாலும் வேறு. சுண்ணாம்புச் சூழலுக்கும் காரத்துக்கும் பழகிய கிருமி கிடைத்தால் அதைக் கட்டட வேலைக்குப் பயன்படுத்தலாம் என்பதே ஆசை. 2001-இல் அமெரிக்காவின் தென் டகோடாவில் சிமெண்டு வெடிப்புகளை இக்கிருமியைக் கொண்டு அடைத்துப் பார்த்தனர். 2004-இல் ஆஸ்திரேலியாவின் மர்டாக் பல்கலைக்கழகத்தில் தளர்ந்த மணலைக் கல்லாக இறுக்கும் வழி ஆராயப்பட்டது. கிணற்றுச் சுவரிலும் கால்வாய் மதகிலும் வெடிப்பு விழுந்து அல்லலுறும் கிராமத்தாருக்கு இச்செய்தி இனிக்கத்தான் செய்யும். ஆனால் ஒவ்வொரு 60 கிராம் யூரியா சிதையும்போதும் 34 கிராம் அமோனியா மிஞ்சுகிறது. குடிநீர்க் கிணற்றில் அது கலப்பது விரும்பத்தக்கதன்று. கிருமிக்கு உணவும் கால்சியம் உப்பும் வாங்கும் செலவும் சிறிதல்ல. நல்ல கொத்தனாரும் நன்றாகப் புளித்த சுண்ணாம்பும் கிடைக்கும் ஊரில், அவ்வேலைக்கு இப்போதைக்கு அவர்களே போதும்.

வயலுக்கு வருவோம்

அங்கத்தினர்களுக்கு இவ்விஷயத்தில் நேரடியாக லாப நஷ்டம் உள்ள இடம் வயலே. 2018 முதல் யூரியா மூட்டை 45 கிலோவாக வருகிறது. அதில் நூற்றுக்கு 46 பங்கு, அதாவது 20.7 கிலோ, நைட்ரஜன். ஈரமண்ணின் மேல் வீசிய யூரியாவைக் கிருமிகளின் நொதி சில நாட்களுக்குள் அமோனியாவாக்கிவிடும். இது கெடுதல் அன்று. யூரியா சிதைந்தால்தான் பயிருக்குப் பெரிதும் பயன்படும். கெடுதல் எங்கே நேர்கிறது என்றால், அது மண்ணின் மேற்பரப்பிலேயே சிதைவதில்தான். மண்ணுக்குள் சிதைந்த அமோனியாவைக் களி பற்றிக்கொள்ளும். மேலே சிதைந்தது காற்றோடு போய்விடும். நான்கில் ஒரு பங்கு போனதாக வைத்துக்கொண்டால், ஒரு மூட்டைக்கு ஐந்து கிலோவுக்கு மேல் நைட்ரஜன், அதாவது சுமார் 11 கிலோ யூரியா, வீணாகிறது. கடனுக்கு வாங்கிய மூட்டையானால், காற்றில் போன 11 கிலோவுக்கும் சேர்த்தே தவணை கட்ட வேண்டும்.

சுக்கான்கல் கலந்த கரிசலிலும், உவர் ஏறிய காரமண்ணிலும், வெயில் மிகுந்த காலத்திலும் இந்நஷ்டம் அதிகம். குகையின் காரநீரில் நடப்பதே அங்கேயும் நடக்கிறது. நெல் வயலில் தேங்கிய நீரிலோ, பகலில் பாசி கரியமில வாயுவை உறிஞ்சுவதால் நீர் தானே காரமாகி அமோனியாவை வெளித் தள்ளுகிறது. ஆகவே நீரை வடித்துவிட்டு, சேற்றில் கலக்கும்படி யூரியாவை இட்டுப் பிறகு நீர் கட்டுவது நலம். புன்செயில் இட்டவுடன் மண்ணால் மூடுவதோ, உரம் உள்ளே இறங்கும்படி பாய்ச்சுவதோ செய்யலாம். லேசாக நனைந்த தரையில் வீசிவிட்டுக் காயவிடுவது எல்லாவற்றிலும் மோசமானது.

வேப்பெண்ணெய் பூசிய யூரியாவே போதும், அது காற்றில் போகாது என்று சிலர் நம்புகின்றனர். இந்தியாவில் 2015 முதல் விவசாய யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூச வேண்டும் என்று ஏற்பட்டது உண்மையே. ஆனால் வேம்பு முக்கியமாகத் தடுப்பது, அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் வேறு வகைக் கிருமிகளை. நீரோடு கீழே இறங்கிப் போகும் நஷ்டம் அதனால் குறையும். யூரியேஸ் நொதியை அது அவ்வளவாகக் கட்டுப்படுத்துவதில்லை. மேலே வீசிய மூட்டை வேப்பெண்ணெய் பூசியதானாலும் மூடியே ஆகவேண்டும்.

தொழுவத்திலும் இக்கணக்கு உண்டு. நொதி பெரும்பாலும் சாணத்திலும் மண்ணிலும் உள்ளது; யூரியா மூத்திரத்தில் உள்ளது. இரண்டும் கலந்து திறந்து கிடக்கும் வரை நஷ்டமே. இந்தூரில் எரு ஆராய்ச்சி நடத்திய ஆல்பர்ட் ஹோவர்ட், தொழுவத்தில் தளர்ந்த மண்ணைப் பரப்பி, மூத்திரம் ஊறிய அம்மண்ணை எருக்குழியில் தழையுடன் சேர்க்கும்படி 1931-இல் எழுதினார். நாட்டு மாட்டுக்கும் கலப்பின மாட்டுக்கும் இது ஒன்றே.

கிருமி வேலை செய்வதை நேரில் காண விரும்பும் சங்கத்தார், மகாசபை கூடும் நாளில் செலவின்றி ஒரு பரிசோதனை செய்யலாம். யூரியேஸ் சில விதைகளிலும் இருப்பதால் கிருமியை வளர்க்கத் தேவையில்லை. பச்சைச் சோயா மொச்சையையோ தர்ப்பூசணி விதையையோ இடித்து மாவாக்கிக்கொள்ளவும். இரண்டு கண்ணாடிப் போத்தல்களில் ஒரு ஸ்பூன் யூரியாவைச் சிறிது நீரில் கரைத்து, ஒன்றில் பச்சை மாவையும், மற்றொன்றில் அரை மணி நேரம் நன்றாகக் கொதிக்கவைத்து ஆற்றிய மாவையும் ஒரே அளவாகப் போடவும். மஞ்சள் நீரில் தோய்த்த காகிதத் துண்டை ஈரத்துடன் ஒவ்வொரு போத்தலின் வாயிலும் நீரில் படாமல் தொங்கவிட்டு மூடவும். பச்சை மாவு போட்ட போத்தலின் காகிதம் சிறிது நேரத்தில் செந்நிறமாகும். மூடியைத் திறந்தால் தொழுவத்து நெடி வீசும். கொதித்த மாவில் நொதி அழிந்துவிட்டபடியால் அக்காகிதம் மஞ்சளாகவே நிற்கும். போத்தல்களைச் சிறு பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்து, முடிந்தபின் உள்ளிருப்பதைத் தென்னைமரத்தடியில் குழி பறித்து ஊற்றி மண்ணால் மூடிவிடலாம்.